கூழாங்கல்லும் அடியார் கூட்டமும்



ஊவா மலைகளிலே தோன்றிக் கதிர்காமத்தின் வழியே கடல் நோக்கிச் செல்லும் மாணிக்க கங்கையை அறியாதார் நம்முள் யாருளர்? பதுளைத் தோட்டங்களினின்றும் ஆடித் திருவிழாவுக்குச் செல்வோர் அதில் முழுகும்போது காலடியில் உருள்வன கூழாங்கற்களே. அவற்றுள் ஒன்றைக் கையிலெடுத்து நோக்குமின்.

வெண்மையாய், கண்ணாடியைக் கீறவல்லதாயின் அது படிகக்கல். கருமையும் வெண்மையும் வரிவரியாய் மாறிவரின் அது நம் மலைகளின் வரிப்பாறை. வரிவழியே பிளவுறின் தட்டையாகவும் தேயும். வெண்மையாயிருந்தும் கத்திமுனைக்கு இடங்கொடுப்பதாயின் சுண்ணாம்புக்கல். மலைச்சரிவிலே வீழ்ந்து கிடக்கும் கல்லோ கூர்முனையோடேயிருக்கும். அஃது இன்னும் ஆற்றைச் சேர்ந்திலது.

இக்கற்களை நீரே தேய்த்தது என்பர் பலர். தனி நீர் அத்துணை வல்லதன்று. மழைப்பெருக்கிலே கல்லோடு கல் மோதி முனைகள் சிதறும். பின்னர் மணல் உரைந்து மழமழப்பாக்கும். முனை மழுங்குதல் தொடக்கத்திலே விரைந்தும், உருண்டபின் மிக மெல்லெனவும் நிகழும். நீர் உந்தாவிடிற் கற்கள் அசையா. கற்கள் தம்முள் மோதாவிடின் உருளா. ஆணவ முனையை நீக்குவது திருவருளே. அடியார் கூட்டம் அதற்கு வாயில்.

நருமதையாற்றிலே உருண்டு திரண்ட கற்களையன்றோ பாணலிங்கமென்று பூசிக்கின்றோம்? (இன்று விலைக்கு வருவனவற்றுட் பல கையாலே மெருகிடப்பட்டவை என்பதையும் அறிக.) உளி தொடாத அக்கல்லை உருவாக்கினவை யாவை? பெயரின்றிப் பூசையுமின்றி அவ்வாற்றிலே கிடக்கும் எண்ணிறந்த கற்களே.

நகரத்துச் செல்வர் சிலர், "சந்தடி ஆகாது, மனைப்பூசையே போதும்" என்கின்றனர். கோயிலுக்கு வரினும், லயத்து மக்களோடு ஒரு பந்தியிலிருக்க நாணி, அன்னதானத்தன்று தனி இலை வேண்டுகின்றனர். மரத்தடியிலே ஆற்றுக்கல்லொன்றை நாட்டி, கொழுந்து பறித்த கையாலே பூவிட்டு வழிபட்டு, பொதுக்கூலியிற் சிறுகச் சேர்த்துக் கோயிலெழுப்பினோர் அம்மக்களே. கூட்டத்திலே பூசலும் உண்டே எனின், உண்டு. மோதாமல் முனை கழலுமோ? கரையிலே தனித்துக் கிடக்கும் கல் அமைதியாய்த்தானிருக்கின்றது. தொட்டாற் கையைக் கிழிக்கும்.

வருகின்ற ஆடியிலே கதிர்காமம் செல்லும் நகரத்தன்பர்காள்! மாணிக்க கங்கைக் கரையிலே தோட்டத்தார் அடுப்பு மூட்டிச் சமைப்பர். அழையாமலே சோறும் இடுவர். அவர் வரிசையிலே நுமக்கும் ஓரிலை விரித்து அமருங்கள்.