சந்தா பாக்கியும் வாக்குரிமையும்

ஜமாஅத்துச் சங்கத்துக்கு விதி எழுத உட்கார்ந்தால், "சகோதரர்களுக்குள் எழுத்து எதற்கு?" என்பார் உண்டு. கடனையே எழுதி வைக்கும்படி அல்பகரா 282ஆம் வசனம் முஃமின்களுக்குத்தானே கட்டளையிடுகிறது! எழுதுவது அவநம்பிக்கையாகாது.

நாம் அஞ்சுவது வேறொன்றை. மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்கில்லை என்பது 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. இவ்வரியை அப்படியே பெயர்த்தெழுதினால், பொம்மையார்பாளையம், மரக்காணம் கரையில் யார் வெளியே நிற்பார்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் உப்பளம் ஓய்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கூலியில்லாதவர் சந்தாவுக்கு எங்கே போவார்? ஜகாத் பெறத் தகுதியானவரை வாயடைத்துவிட்டு நடத்துவது மஷூரா ஆகுமா?

வசதியிருந்தும் பாக்கி வைப்பவர் (அவர்களும் உண்டு!) விஷயம் வேறு. வேலையற்ற மாதங்களுக்குச் சந்தா இல்லை, வாக்கு உண்டு என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். நிர்வாகிகளின் தயவுக்கு விடவேண்டாம்.