ஆட்டத்தின் விதி யாருடையது?

பம்பரத்தைப் பிறருக்குக் கொடுக்கலாம், கோலிக்குண்டைக் கொடுக்கலாம். ஆட்டத்தைக் கொடுக்க முடியுமா? ஐரோப்பியப் பள்ளிகள் சில, தத்தம் ஊர்ப் பழைய விளையாட்டுகளை ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுத்து வருவதை அறிந்தபின் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் பல நாட்டுப் பள்ளிகளைச் சேர்த்துவைக்க ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் 'கொமேனியஸ்'. பொருத்தமான பெயர்தான், அந்தச் செக் கல்வியாளர் 1658இல் வெளியிட்ட படப் பாடநூலில் சிறுவர் விளையாட்டுக்கென்றே ஒரு பாடம் உண்டு. 2014இல் அத்திட்டம் 'எராஸ்மஸ் பிளஸ்' என்பதில் கலந்துவிட்டது. பழைய விளையாட்டு மட்டும் பள்ளிகளை விடவில்லை.

நல்ல காரியம். நம் பெண்கள் பாண்டி என்று ஆடுகிறார்களே, அதன் கட்டம் பிரான்சில் 'பூமி'யில் தொடங்கி 'வான'த்தில் முடிகிறது. போலந்தில் அதற்கு வெறும் 'வகுப்புகள்' என்று பெயர். ஒரே நொண்டலில் ஒருத்தி மோட்சம் போகிறாள். இன்னொருத்தி மேல்வகுப்புப் போகிறாள்! இதைப் பிள்ளைகள் அறிவது எத்தனை இன்பம்!

ஆனால் ஒரு சங்கடம். ஆட்டத்தைப் பிள்ளைகள் பிள்ளைகளிடமே கற்றார்கள். அடுத்த தெருவுக்குப் போகும்போதே அதன் விதி மாறும். இப்போது நடுவில் ஆசிரியர் நிற்கிறார். விதிகளை எழுதி அனுப்புகிறார். மறுமுனையில் இன்னோர் ஆசிரியர் படித்துக் காட்டுகிறார். (பெரியவர்களுக்குத் தாளில் எழுதாத எதிலும் நம்பிக்கை இல்லை.) கோட்டை மிதித்தாளா, இல்லையா என்ற வழக்கு எழுந்தால் தீர்ப்பு யாருடையது? தாள் வைத்திருப்பவருடையது.

சுவிட்சர்லாந்தில் பியாஜே என்ற அறிஞர் சிறுவர்களோடு உட்கார்ந்து கோலி ஆடி, விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். 1932இல் அதை நூலாக்கினார். விதி பெரியவர்கள் தந்தது, மாற்றவே கூடாது என்றார்கள் சின்னஞ்சிறுவர்கள். பத்து, பதினொரு வயதுக்காரர்கள், எல்லாரும் ஒப்பினால் மாற்றலாம் என்றார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? விதியைத் தெய்வமாக மதித்த சிறுவர்கள் ஆட்டத்தில் அதை மீறிக்கொண்டே இருந்தார்கள். மாற்றலாம் என்றவர்களோ அதை மிகக் கவனமாகக் காத்தார்கள். தானும் சேர்ந்து செய்த சட்டத்துக்குத்தான் மனிதன் மனமாரக் கட்டுப்படுகிறான். அப்படியிருக்க, எழுதி முடித்த விதியைக் கையில் திணித்தால் பதினொரு வயதுப் பிள்ளையை மீண்டும் ஆறு வயதுக்கு அல்லவா தள்ளுகிறோம்?

ஆசிரியர் இல்லாமல் போர்த்துகல் பிள்ளையும் போலந்துப் பிள்ளையும் சந்திப்பது எப்படி என்று கேட்கலாம். நியாயம். அவர் அறிமுகம் செய்துவைக்கட்டும். பிறகு சற்றுத் தள்ளிப் போய் நிற்கட்டும் என்பதே என் ஆசை. பிள்ளைகளின் சண்டையைக் கண்டு அவர் பதற வேண்டாம். அந்தச் சண்டையும் ஆட்டத்தில் ஒரு பகுதி.

இங்கிலாந்தில் ஓப்பி தம்பதியர் 1959இல் வெளியிட்ட நூலில், துரத்தப்படும் பிள்ளை களைத்துப்போனால் விரல்மேல் விரல் பின்னிக்கொண்டு சொல்லும் சொற்களைத் திரட்டியிருக்கிறார்கள். நம் தெருவில் 'அம்பேல்' என்பது போன்ற சொற்கள் அவை. லண்டன் பக்கம் 'ஃபைனைட்ஸ்', வடகிழக்கில் 'ஸ்கின்ச்'. சொல் காதில் விழுந்ததும் துரத்துகிறவன் நின்றுவிட வேண்டும். நடுவர் இல்லை; தாளும் இல்லை.

இந்தத் திட்டங்களில் பிள்ளைகள் சில வேளை பயணம் போய் நேரிலும் சந்திக்கிறார்கள். இரு நாட்டுப் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் ஓடும்போது ஒருவன் மூச்சு வாங்கி நிற்பான். துரத்தி வந்தவனுக்கு அவன் பாஷை தெரியாது. அந்த நேரத்தில் எந்தச் சொல்லைச் சொல்வது என்பதை அவர்கள் இருவருமேதான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.