எந்த வயல் என்று ரூத்துக்குத் தெரியாது

"பாஸ்டர், வேலை தேடணும், ஆனா என்ன வேலைன்னே தெரியலையே" என்று நம் சபை வாலிபர் பலர் என்னிடம் சொல்லுகிறார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். 2001-ல் பி.காம். முடித்தேன். "ஆண்டவரே, எந்த வேலை என்று காட்டும், அப்புறம் போகிறேன்" என்று ஜெபித்துக்கொண்டே ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். அம்மாவோ ராத்திரி பதினொரு மணி வரைக்கும் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் தலை நிமிராமலே கேட்டார்கள்: "ஏம்ப்பா, எந்த வயல்னு தெரிஞ்சுக்கிட்டா ரூத் வீட்டை விட்டுக் கிளம்பினா?"

சுருக்கென்றது. ரூத் 2-ம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். மோவாபிலிருந்து பெத்லெகேமுக்கு வந்த ஏழை விதவை, யாருடைய வயல் என்று அறியாமலே கதிர் பொறுக்கப் போனாள். அது போவாசின் வயலாயிருந்தது! சாயங்காலம் ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமையோடு மாமி நகோமியிடம் திரும்பினாள்.

அந்த வாரமே ஒரு இரும்புக்கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். கணக்கு எனக்கு ஒட்டவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களின் கஷ்டத்தைக் கேட்டு ஜெபிப்பதில் மனசு நிறைந்தது. ஊழிய வாஞ்சை அங்கேதான் பிறந்தது. வீட்டிலேயே இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்குமா?

தம்பி, தங்கச்சி, வயல் தெரியவில்லை என்று உட்கார்ந்துவிடாதே. கிடைக்கிற நேர்மையான வேலைக்கு ஜெபத்தோடு புறப்பட்டுப் போ. மற்றதைக் கர்த்தர் வழியிலே காட்டுவார். ஆமென், அல்லேலூயா!