முகத்தில் குறைந்த சிரிப்பு



"புள்ளைகள்ர வாப்பாவுக்கு இப்பல்லாம் மூஞ்சில சிரிப்பே இல்ல. என்ன கேட்டாலும் வாய்க்குள்ளயே கதைக்கிறார். என்னோட என்ன கோவமோ தெரியா." கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நமது கரையோர ஊர்களில் அறுபதை நெருங்கும் கணவரைப் பற்றி ஒரு மனைவி இப்படிச் சொன்னால், அதை வெறும் மனத்தாங்கல் என்று தள்ளிவிட வேண்டாம். அது பார்க்கின்சன் நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதிய நோய் இது. நமது அசைவுகளைச் சீராக்கும் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் மூளை உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிந்துபோகின்றன. கை நடுங்குவதைத்தான் ஊர் காணும். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கருவாடு பொரிக்கிற வாசம்கூட மூக்குக்கு எட்டாமல் போயிருக்கலாம். மலச்சிக்கல் வந்திருக்கலாம். தூக்கத்தில் கத்தி, கையைக் காலை வீசி அடித்திருக்கலாம். முகத் தசைகள் இறுகுவதால் சிரிப்பு வெளியே தெரியாது, குரலும் தணிந்துவிடும். உள்ளே அன்பு அப்படியேதான் இருக்கிறது. இது தெரியாததால் எத்தனை வீடுகளில் வீண் சண்டை!

இப்படிப்பட்டவரை ஓ.பி.டி.யில் பார்த்த வைத்தியர் சந்தேகப்பட்டு, நரம்பியல் நிபுணரிடம் காட்டும்படி கடிதம் தருகிறார். மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ போக வேண்டி வரலாம். கிளினிக் திகதி தள்ளித்தான் கிடைக்கிறது. நோய்க்குப் பெயரும் இல்லை, மருந்தும் இல்லை என்ற அந்த இடைக்காலம்தான் கணவன் மனைவி இருவரையும் போட்டு வாட்டுகிறது. ஆனால் மனைவி செய்ய வேண்டிய பெரிய வேலை அப்போதுதான் இருக்கிறது. பார்க்கின்சனை அடித்துச் சொல்ல வழக்கமான இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. நிபுணர் பெரும்பாலும் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும்தான் முடிவுக்கு வருகிறார். கிளினிக்கில் அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். இரவு தூக்கத்தில் நடப்பதை உங்களைத் தவிர யாரும் அவருக்குச் சொல்ல முடியாது.

அதனால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்தக் கையில் முதலில் தொடங்கியது? பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். கை மடியில் சும்மா கிடக்கும்போது, பெருவிரலும் சுட்டுவிரலும் தஸ்பீஹ் மணி உருட்டுவது போல அசைகின்றனவா? பிளேன்டீ கோப்பையைத் தூக்கியதும் அந்த நடுக்கம் அடங்குகிறதா, கூடுகிறதா? இந்த ஒரு விவரமே வைத்தியருக்குப் பெரிய உதவி. கணவர் வாசலிலிருந்து கேற் வரை நடந்து திரும்பி வருவதை, அவரிடம் கேட்டுவிட்டு, போனில் வீடியோ எடுங்கள். பழைய வங்கிச் சீட்டில் உள்ள கையெழுத்தையும் இன்றைய கையெழுத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். இந்த நோயில் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும்.

வீட்டில் அவர் பாவிக்கிற எல்லாக் குளிசைகளையும் அட்டையோடு ஒரு பையில் போடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தலைச்சுற்றுக்கும் வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கிற சில மருந்துகள் அச்சொட்டாக இதே அறிகுறிகளை உண்டாக்கும். வைத்தியர் அவற்றை மாற்றினாலே பலருக்குக் குணம் தெரியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். யாரோ சொன்னார் என்று நாட்டு மருந்தும் தொடங்காதீர்கள். ஓதிப் பார்ப்பதும் துஆ கேட்பதும் நமது வழமை. அதற்காகக் கிளினிக் திகதி தவறக் கூடாது.

நாம் எல்லோரும் நேசித்த குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலிக்கு 1984இல், 42ஆவது வயதில், இந்த நோய் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து, நோய் தெரிந்தே, அவரது சொந்த ஊரான லூயிவில்லைச் சேர்ந்த லோனி அவரைத் திருமணம் செய்தார். 1996இல் அட்லாண்டாவில், நடுங்கும் கையோடு அலி ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியதை உலகமே பார்த்தது.  2016இல் 74 வயதில் அவர் மறையும் வரை, ஏறத்தாழ முப்பது வருடம் லோனி கூடவே இருந்தார்.

வீட்டுக்குள் ஒரு விஷயம். சாரனை இடுப்பில் சொருகவும் சேட் பொத்தான் போடவும் உங்கள் கணவருக்கு நேரம் எடுக்கும். பாவம் என்று பறித்துச் செய்துவிடாதீர்கள். சுபஹுக்குக் கொஞ்சம் முந்தி எழுப்பிவிட்டால் அவரே செய்துகொள்வார். வுழூச் செய்கிற இடத்தில் வெளிச்சம் போடுங்கள், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்துங்கள். சுஜூதிலிருந்து எழும்பும்போது தடுமாறினால் கதிரையில் இருந்து தொழ மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. முடிந்த வரை பள்ளிக்கு நடந்தே போகட்டும், நடை நல்லது. வழியில் விழுவார் என்ற பயம் இருந்தால் மகனோ மருமகனோ கூடப் போகலாம்.

நமது ஊரில் பெண் தாய் வளவிலேயே வாழ்கிறாள். ராத்தாவும் தங்கச்சியும் அடுத்த வேலிக்குள்தான் இருக்கிறார்கள். கணவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு அவர்களிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். வாரத்தில் ஓர் அந்தி அவர்கள் வந்து அவரோடு இருந்தால், நீங்கள் கொஞ்சம் கண்ணயரலாம்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் குடிக்கையில் அடிக்கடி புரையேறினால், திரும்பத் திரும்ப விழுந்தால், திடீரென்று ஒரு பக்கம் சோர்ந்து வாய் கோணினால், கிளினிக் துண்டில் எழுதிய திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாய் கோணிய நேரத்தை மணிக்கூட்டில் பார்த்து வைத்திருந்து, போனவுடன் வைத்தியரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.