ஆடு திருடிய தந்தை

ஷெ என்ற ஊரை ஆண்ட பிரபு, தன் குடிமக்களில் ஒருவனைப் பற்றிக் கன்பூசியஸிடம் பெருமையாகச் சொன்னார். அவனுடைய தந்தை ஆடு திருடிவிட்டார்; மகனே சாட்சி சொல்லி அவரைக் காட்டிக்கொடுத்தான்; அத்தனை நேர்மையானவன். கன்பூசியஸ் மெச்சவில்லை. தம் ஊரில் தந்தையின் குற்றத்தை மகன் மறைப்பான், மகனின் குற்றத்தைத் தந்தை மறைப்பார், நேர்மை அதற்குள்தான் இருக்கிறது என்றார்.

இதைப் படிக்கிற எவருக்கும் முதலில் உறுத்துவது, ஆட்டைப் பறிகொடுத்தவனைப் பற்றி இருவருமே பேசவில்லை என்பதுதான். அவனுக்கும் பிள்ளைகுட்டிகள் இருந்திருப்பார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஹான் ஃபெய் என்ற சிந்தனையாளர் இந்தக் கதையை எடுத்து, வீட்டுக்கு நல்ல பிள்ளை அரசனுக்கு நல்ல குடிமகனாக இருக்க முடியாது என்று வாதாடினார். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அவர் சார்ந்திருந்த சட்டவாத மரபு சின் நாட்டில் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்தைந்து வீடுகளை ஒன்றாகக் கட்டி, ஒருவர் குற்றத்தை மற்றவர் சொல்லாவிட்டால் அவருக்கும் தண்டனை என்றது. அண்டை வீடே உளவு வீடானது.

கன்பூசியஸ் திருட்டை நியாயப்படுத்தவில்லை. பெற்றோர் தவறு செய்தால் பணிவோடு எடுத்துச்சொல்ல வேண்டும் என்றும் அவர் போதித்திருக்கிறார். வெளியே வாய் திறக்காத மகனுக்கு வீட்டுக்குள் வாய் திறக்கும் கடமை உண்டு. ஆட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மன்றாட வேண்டியவன் அவன்தான். மனிதன் அன்பு செலுத்தப் பழகும் முதல் இடம் வீடு. அதை அறுத்துவிட்டு நாட்டின் மேல் பற்று வளர்க்க முடியாது என்பதே அவர் வழி வந்தவர்களின் நம்பிக்கை.

அறுத்துப் பார்த்த காலமும் சீனாவில் உண்டு. பண்பாட்டுப் புரட்சியின்போது, 1970இல், அன்ஹுய் மாநிலத்தின் குஜென் மாவட்டத்தில் ஃபாங் ஜோங்மோ என்ற பெண் வீட்டில் பேசும்போது மாவோவைக் குறை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பதின்வயது மகனும் கணவருமே புகார் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1980இல் அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். வயதான பின் அந்த மகன் தான் செய்ததை ஊரறியச் சொல்லி வருந்தினார். பெற்றவளைக் காட்டிக்கொடுப்பதைப் பிள்ளையின் கடமை என்று கற்பித்த அரசுக்கும் அந்தச் சாவில் பங்கு உண்டு.

ஆனால் அரசு கன்பூசியஸைக் கையில் எடுத்தபோதும் கொடுமை நடந்திருக்கிறது. கி.மு. 66இல் ஹான் பேரரசர் சுவான், பெற்றோரை மறைத்த பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்று ஆணையிட்டார், அது கருணை. கி.பி. 653இல் வந்த தாங் சட்டத்தொகுப்போ, ராஜத்துரோகம் போன்ற சில குற்றங்கள் தவிர மற்றவற்றில் பெற்றோர் மேல் புகார் சொல்லும் பிள்ளையைக் கழுத்தை நெரித்துக் கொல்லச் சொன்னது. தந்தையிடம் அடிபட்டுச் சாகும் மகள் அந்தச் சட்டத்தின் கீழ் யாரிடம் போவாள்? மறைக்கலாம் என்பது மறைத்தே ஆக வேண்டும் என்றானதும் அறம் தன் பக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. 2012இல் திருத்தப்பட்ட சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவரின் பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவியை நீதிமன்றத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. விருப்பத்தோடு வந்து சொல்பவரை அது தடுக்கவில்லை. சின், தாங் இரண்டையும்விட இது நியாயமானது.

மிச்சமிருப்பது அதிகாரத்தில் இருப்பவர்களின் கேள்வி. கன்பூசியஸ் வழி வந்த சிந்தனையாளர் மென்சியஸிடம் ஒரு மாணவர் கேட்டார்: பழங்கதைகளின் நல்லரசர் ஷுன் பேரரசராக இருக்கும்போது அவர் தந்தை கொலை செய்தால்? நீதிபதி கைது செய்வார், ஷுன் தடுக்க மாட்டார் என்றார் மென்சியஸ். பிறகு ஷுன், தேய்ந்த செருப்பை எறிவதுபோல அரியணையை எறிந்துவிட்டு, தந்தையை முதுகில் சுமந்து கடலோரத்துக்கு ஓடிவிடுவார். கொலையுண்டவரின் வீட்டாருக்கு இது நீதியாகாது. அந்தக் குறை இங்கேயும் இருக்கிறது. ஆனாலும் தந்தையைக் காப்பாற்றிய கை அரச முத்திரையைப் பிடித்திருக்கவில்லை. சொந்தக்காரர்களின் ஊழலை மூடி மறைக்க மகனின் கடமையையும் குடும்பப் பாசத்தையும் சாட்சிக்கு அழைக்கும் அதிகாரிகள், ஷுன் இறங்கிய அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை.