கார் காத்திருக்கலாம், எதுவரை?

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஹூரோன் ஏரிக்கரையில் கோடரிச் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே ஏரிக்கு அடியில், ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இயங்குகிறது. அங்கு வெட்டியெடுக்கும் உப்பில் பெரும்பகுதி குளிர்காலச் சாலைகளுக்குத்தான் போகிறது. கனடா முழுவதும் ஓராண்டில் சாலைகளில் கொட்டப்படும் உப்பு சுமார் 50 லட்சம் டன். பள்ளிப் பேருந்து வழுக்காமல் போக, ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போய்ச் சேர இந்த உப்பு வேண்டும். அதே உப்புதான் காரின் அடிப்பாகத்தை அரித்துத் தின்கிறது.

டொரொண்டோ, டெட்ராய்ட், பஃபலோ என்று பேரேரிகளைச் சுற்றியுள்ள நகரங்களில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அக்டோபர் முடிவதற்குள் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். காரை கராஜில் விட்டு உறை போட்டு மூடிவிடுவதா? விண்டர் டயர் மாட்டி வழக்கம்போல ஓட்டுவதா? ஜனவரியில் கறுப்புக் கார்கூட வெள்ளையாகிவிடும் என்பது டொரொண்டோ பகுதியின் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் தமிழர்களுக்குத் தெரியும். அந்த வெள்ளையில் பனி கொஞ்சம், உப்பு மிச்சம்.

நிறுத்தி வைப்பவர்கள் பக்கம் நியாயம் பலமாகவே இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அது பல மடங்கு வேகமெடுக்கும். இப்போதெல்லாம் பனி விழுவதற்கு முன்பே உப்புக் கரைசலைத் தெளித்துவிடுகிறார்கள். அதில் கலக்கும் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு போன்றவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு காயாமலே கிடக்கும். கதவின் அடிவிளிம்பு, பிரேக் குழாய், சைலன்சர் இணைப்பு என்று கண்ணில் படாத இடங்களில்தான் அது தங்குகிறது. சூடான கராஜில் நிறுத்தினால் காருக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை வேறு. வெப்பம் கூடினால் துருப்பிடிக்கும் வேகமும் கூடும். உப்போடு வந்து, கழுவப்படாமல் கதகதப்பில் நிற்கும் கார்தான் சீக்கிரம் கெடும்.

டயரும் ஒரு காரணம். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று வரும் கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. பனியே இல்லாத, நன்றாகக் காய்ந்த நவம்பர் சாலையில்கூடப் பிடிமானம் குறைந்துபோகும். கடுங்குளிரில் ஓட்டினால் ரப்பரில் விரிசல் விழலாம் என்று சில டயர் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஆகவே ஐந்து மாதம் காரை நிறுத்தி வைப்பவரைக் கோழை என்றோ, காரை வைத்து அழகு பார்க்கிறவர் என்றோ பேசுவது நியாயமில்லை.

ஆனால் நிறுத்தி வைப்பதும் ஒரு வேலைதான். தெரிந்தவர்கள் அதைச் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது புரியும். கடைசி ஓட்டம் முடிந்ததும் காரை அடிப்பாகம் வரை கழுவி, நன்றாக உலரவிட்டு, மெழுகு பூசுவார்கள். பழைய என்ஜின் ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். அதோடு மாதக்கணக்கில் நிற்கவிடக்கூடாது என்று முன்னதாகவே ஆயிலை மாற்றிவிடுவார்கள். டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஒரு திரவத்தைக் கலப்பார்கள். ஹேண்ட் பிரேக் போடமாட்டார்கள். போட்டால் பிரேக் பேட் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள். ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாகிவிடாதபடி காற்றைச் சற்றுக் கூட்டிவைப்பார்கள். பேட்டரிக்குச் சிறிய சார்ஜர் ஒன்று குளிர்காலம் முழுக்க இணைந்தே இருக்கும். சைலன்சர் வாயில் எலி புகாதபடி இரும்பு நார் அடைத்து, அடைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவைப்பார்கள். மார்ச் மாத உற்சாகத்தில் அதை மறந்து என்ஜினைக் கிளப்பிவிடக் கூடாதல்லவா?

இவ்வளவும் செய்தவர்களில் சிலர் ஒரே ஒரு காரியத்தால் பாதியைக் கெடுத்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை கராஜுக்குப் போய், பாசத்தோடு என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார்கள். எரியும் பெட்ரோலிலிருந்து நீராவி உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறி அரைமணி நேரம் ஓடினால்தான் அது முழுதாக வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அது சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் நீராகத் தங்கிவிடும். ஓட்டுவதானால் ஓட்ட வேண்டும், நிறுத்துவதானால் நிறுத்த வேண்டும். இடையில் செய்யும் இந்த நலம் விசாரிப்பு காருக்குத் தீங்குதான்.

நிறுத்தி வைப்பதில் உள்ள பெரிய ஆபத்து இது எதுவுமில்லை. நிறுத்திய காரை எடுக்காமலே விட்டுவிடுவதுதான்.

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான விஎச்1 1989-இல் ஒரு பரிசுப் போட்டி நடத்தியது. பரிசு, 36 கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்கள். 1953 முதல் 1989 வரை ஆண்டுக்கு ஒன்று. 1983 மாடல் விற்பனைக்கே வராததால் அது மட்டும் இல்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த ஒரு தச்சருக்கு அத்தனையும் கிடைத்தன. ஓவியர் பீட்டர் மேக்ஸ் அவரிடமிருந்து மொத்தத்தையும் வாங்கினார். ஒவ்வொரு காரின் மீதும் தன் பாணியில் வண்ணம் தீட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். நல்ல திட்டம்தான். கார்கள் நியூயார்க்கில் ஒரு கராஜிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறின. ஆண்டுகள் கழிந்தன. ஒரு காரின் மீதும் தூரிகை படவில்லை. 2014-இல் வேறு குடும்பங்களின் கைக்குப் போனபோது அவை இருபது ஆண்டுகளுக்கும் மேலான தூசியைச் சுமந்து நின்றன. பழைய கார்வெட்டின் உடல் ஃபைபர்கிளாஸ், அது துருப்பிடிக்காது. அதைத் தாங்கும் சட்டகம் எஃகு. ரப்பர் காய்ந்து வெடித்தது, பெட்ரோல் கோந்தாகியது. கராஜில் நின்ற அத்தனை ஆண்டும் அந்தக் கார்களின் மீது உப்பு படவில்லை, பனி படவில்லை. அவற்றைக் கெடுத்தது காத்திருப்பு மட்டுமே. மடித்த மடிப்பிலேயே பீரோவில் கிடக்கும் கல்யாணப் பட்டு அந்த மடிப்பு வழியாகவே இற்றுப்போவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

ஓக்லஹோமாவின் டல்சா நகரில் நடந்தது இன்னும் வருத்தமானது. 1957 ஜூன் 15 அன்று புத்தம் புதிய பிளிமத் பெல்வெடியர் கார் ஒன்றை, ஐம்பது ஆண்டு கழித்து எடுக்கலாம் என்று கான்கிரீட் அறைக்குள் புதைத்தார்கள். அணுகுண்டையும் தாங்கும் என்று சொல்லப்பட்ட அறை அது. 2007-இல் திறந்தபோது உள்ளே தண்ணீர் புகுந்து, கார் முழுக்கத் துருவேறிப் போயிருந்தது. தேதி குறித்தார்கள், சரி. இடைப்பட்ட ஐம்பது ஆண்டில் யாரும் ஒருமுறைகூட அதைப் பார்க்க முடியவில்லை.

கார்வெட் பரிசு பெற்ற தச்சரின் அதே லாங் ஐலண்டில்தான் எர்வ் கார்டனும் வாழ்ந்தார். அறிவியல் ஆசிரியர். 1966 ஜூன் 30 அன்று வால்வோ பி1800எஸ் என்ற அழகான இருகதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். வாங்கிய கையோடு இரண்டே நாளில் 1,500 மைல் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் சர்வீஸுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பள்ளிக்குப் போய்வர அவருக்கு நாளொன்றுக்கு 125 மைல். வாராவாரம், ஆண்டுக்கணக்கில் அந்தக் கார் ஓடிக்கொண்டே இருந்தது. 6,80,000 மைல் கடந்த பிறகுதான் முதன்முறையாக என்ஜினைப் பிரித்து வேலை பார்க்க நேர்ந்தது. 2013 செப்டம்பரில், அலாஸ்காவில், மீட்டர் 30 லட்சம் மைலைத் தொட்டது. ஏறத்தாழ 48 லட்சம் கிலோமீட்டர். ஒரே உரிமையாளர் ஓட்டிய தூரத்தில் கின்னஸ் சாதனை அவருடையதே. 2018-இல் அவர் மறைந்தார்.

எர்வ் கார்டனின் கதையை "ஓட்டிக்கொண்டே இருந்தால் கார் கெடாது" என்று சுருக்குவது தவறு. தயாரிப்பாளரின் கையேடு சொன்னபடி, தவணை தவறாமல் ஆயில் மாற்றினார். சின்னச் சத்தம் கேட்டாலும் கவனித்தார். தினமும் ஓட்டியதால் காரின் குறை அன்றன்றே அவர் காதுக்கு வந்தது. உறைக்குள் இருக்கும் காரின் குறை யார் காதுக்கு வரும்?

குளிரில் ஓட்டும் ஆசை வெறும் அடம் என்றும் சொல்லிவிட முடியாது. மான்டி கார்லோ ரேலி ஜனவரியில், பனி மூடிய ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் நடப்பது. 1968, 1969, 1970 என்று மூன்று ஆண்டும் அதில் தொடர்ந்து வென்றது போர்ஷே 911. பின்பக்கம் இருக்கும் என்ஜினின் பளு பின்சக்கரங்களின் மேல் இறங்குவதால் வழுக்குத் தரையில் அதற்கு நல்ல பிடிமானம். 1970-களின் நடுவில் போர்ஷே அந்தக் காரின் உடல் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சும் கொடுத்தது. விண்டர் டயர் மாட்டி, வாரந்தோறும் அடிப்பாகத்தைக் கழுவும் பொறுமை இருந்தால், இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் குளிர்காலத்தைத் தாங்கும். கார் ஒன்றுதான் உண்டு, அதிலேதான் வேலைக்குப் போயாக வேண்டும் என்பவருக்கு வேறு வழியும் இல்லை. அவர் வருத்தப்படவும் வேண்டியதில்லை.

கணக்கையும் பார்க்கலாம். ஆண்டுக்கு ஐந்து மாதம் நிறுத்தி வைத்தால், முப்பது ஆண்டில் 150 மாதம்; பன்னிரண்டரை ஆண்டு. கேட்கவே பகீரென்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டரை ஆண்டில் பெரும்பகுதி இருட்டும் சேறுமான சாலை. ஸ்போர்ட்ஸ் காரின் சுகம் அங்கே பாதிகூடக் கிடைக்காது. உண்மையான இழப்பு மீதி ஏழு மாதத்தில் நிகழ்கிறது. மேயில் மழை வரும்போலிருக்கிறது என்று எடுப்பதில்லை. ஜூனில் கல் தெறிக்கும் என்று எடுப்பதில்லை. ஆகஸ்டில் மீட்டர் ஏறிவிட்டால் விலை குறையும் என்று எடுப்பதில்லை. மீட்டரைக் குறைவாக வைத்திருப்பவர் அடுத்து வாங்கப் போகிறவருக்காகக் காரைக் காத்துக்கொண்டிருக்கிறார். பணம் கொடுத்தவர் இவர், ஓட்டப் போகிறவர் யாரோ.

ஜெர்மனியில் 1997 முதல் பருவகால நம்பர் பிளேட் என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. பிளேட்டின் ஓரத்தில் மேலும் கீழுமாக இரண்டு எண்கள். மேலே 04, கீழே 10 என்றிருந்தால், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை அந்தக் கார் சாலைக்கு வரலாம். மற்ற மாதங்களில் பொதுச் சாலையில் ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. வரியும் அந்த மாதங்களுக்கு மட்டுமே. பணத்தை மிச்சம் பிடிக்க வந்த ஏற்பாடுதான் என்றாலும், அதில் ஒரு நல்ல குணம் உண்டு: உள்ளே போகும் மாதத்தோடு வெளியே வரும் மாதமும் காரின் மீதே எழுதப்பட்டிருக்கிறது. பீட்டர் மேக்ஸின் 36 கார்களில் எதிலும் அப்படி ஒரு எண் இல்லை.

ஆகவே உப்பு கொட்டும் ஊரில், வேறு கார் கைவசம் இருந்தால், குளிர்காலத்தில் ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தி வைப்பதே சரி. எடுக்கும் தேதி தெரியாமல் நிறுத்துவதுதான் தவறு. இந்த அக்டோபரில் உறை போடுகிறவர்கள், போடும் அன்றே ஏப்ரலில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். அன்று எந்த ஊருக்கு ஓட்டப் போகிறீர்கள், பக்கத்து இருக்கையில் யார் என்பதையும் சேர்த்தே எழுதி, அவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.