அடைக்கலமும் ஐந்து கையெழுத்தும்

பாண்டிச்சேரிக்காரனுக்கு ஒரு பெருமை உண்டு. 1908-ல் பாரதி, 1910 ஏப்ரலில் அரவிந்தர், அதே வருஷம் பின்னால் வ.வே.சு. ஐயர் என்று, பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி வந்தவர்களுக்கெல்லாம் இந்த ஊர் இடம் கொடுத்தது என்பது. இந்தப் பெருமையைச் சற்றுத் தட்டிப் பார்க்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது. மகாகவிக்கும் மகானுக்கும் இடம் கொடுத்தோம் என்று இன்று சொல்வது சுலபம். ஆனால் எல்லையைத் தாண்டியபோது அவர்கள் தேடப்பட்டவர்கள். பிரெஞ்சு அதிகாரியின் தஸ்தாவேஜில் அந்நியர்கள், அவ்வளவுதான். அடைக்கலம் என்பது அந்த நிலையில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பின்னால் வந்த சிலைக்கு அல்ல.

பிரெஞ்சுக்காரனை இதற்காகத் தர்மவான் என்று சொல்லத் தேவையில்லை. இதே காலத்தில் இந்தோசீனாவில் அவன் செய்தது வேறு. அரசியல் குற்றம் சாட்டப்பட்டவரைப் பிடித்து ஒப்படைப்பதில்லை என்ற ஒரு சட்டக் கொள்கை, ஆங்கிலேயன்மேல் ஒரு பழைய முறைப்பு, கொஞ்சம் அசிரத்தை எல்லாம் சேர்ந்து சிலரைக் காப்பாற்றின. அன்பில்லாமலே அடைக்கலம் சாத்தியம் என்பது முக்கியமான விஷயம். நம் விருந்தோம்பல் பேச்சு இதை மறைத்துவிடுகிறது.

1911-ல் பிரெஞ்சு நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. அந்நியர் இங்கே தங்க வேண்டுமானால் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஐந்து பேர் நன்னடத்தைக்குக் கையெழுத்திட வேண்டும். சுதேசிகளை வெளியே தள்ள இது போதும் என்றுதான் அப்போது நினைத்திருப்பார்கள். கையெழுத்துக்கள் கிடைத்தன. அரவிந்தரை முதலில் தம் வீட்டில் தங்கவைத்த கலவை சங்கர செட்டியார் இந்த விஷயத்திலும் துணையாக நின்றார். வங்கி வேலையில் இருப்பதால் எனக்கு இது வேறு மாதிரியும் தெரிகிறது. முன்பெல்லாம் புதுக் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடவேண்டும். பழைய படிவங்களில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. இப்போது அதன் இடத்தில் ஆதார் எண். மனிதனுக்கு மனிதன் சாட்சி என்பது போய், காகிதத்துக்குக் காகிதம் சாட்சி. பிணை கேட்டவன் சந்தேகப்பட்டுத்தான் கேட்டான். ஆனாலும் அண்டை வீட்டுக்காரனின் சொல்லுக்கு அதில் ஒரு இடம் இருந்தது.

சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டான். வாஞ்சிநாதன் துப்பாக்கி பழகியது பாண்டிச்சேரியில் என்று வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. நமக்கு அது விடுதலைப் போராட்டம். எல்லைக்கு அந்தப்பக்கத்துக் காவல்துறைக்கு அது பாதுகாப்புப் பிரச்னை. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நமக்கே பாதுகாப்புப் பிரச்னையாயிற்று. அதன் பிறகு, 1983-லிருந்து கடல் தாண்டி வந்திருந்த ஈழத்தமிழர் எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்தது. கொலையைத் திட்டமிட்டவர்கள் சிலர். விலை கொடுத்தவர்கள் முகாம்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டிருந்தவர்கள். பயம் நியாயமானதாக இருக்கலாம். அந்தப் பயத்தை யார் தலையில் இறக்கிவைக்கிறோம் என்பது தனிக் கேள்வி.

2025 மே மாதம் உச்சநீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா ஒன்றும் தர்மசாலை அல்ல என்ற கருத்து நீதிபதியிடமிருந்து வந்தது. எதிர்த்தவர்கள் தொப்புள்கொடி உறவைப் பேசினார்கள். இரண்டிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. உறவு என்பதால் இடம் கொடுக்கவேண்டும் என்றால், கேளம்பாக்கம் புயல் காப்பகத்தில் தங்கியிருந்த ரோஹிங்கியாக் குடும்பங்களுக்கு அந்த வாதம் என்ன சொல்லும்? தர்மசாலை என்பதும் தவறான உவமை. சத்திரம் வழிப்போக்கன் சில நாள் தங்கிப் போகும் இடம். 1795-ல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய கான்ட் இதைத் தெளிவாகப் பிரித்தார்: அந்நியனை ஏற்பது தயவு பற்றிய விஷயம் அல்ல, உரிமை பற்றியது, அழிவுக்கு ஆளாக்காமல் முடியுமானால் அவனைத் திருப்பி அனுப்பலாம், முடியாதென்றால் கூடாது. கான்ட்டின் உரிமையும் குறுகியதுதான். வந்து நிற்க விடுகிறது, குடியிருக்க விடவில்லை. நாற்பது வருஷம் நின்றுகொண்டே இருப்பவனைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் என்பது சமீப வருஷங்களில் அரசு சொல்லும் கணக்கு. 2021-ல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், நல்ல பெயர். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்புத்துப்பட்டு, அய்யனார் கோயிலுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு முகாம். முகாம்வாசிகளை ஆள் எண்ணிச் சரிபார்த்துத்தான் மாத உதவித்தொகை. அங்கேயே பிறந்தவர்கள் இன்று தகப்பன்மார். பிறந்த இடத்தில் ஒருவன் எப்படி விருந்தாளியாக இருக்க முடியும்?

இதே பாண்டிச்சேரியில் சட்டப்படி அந்நியர்களான தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் அமலானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். பாரிஸ் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள், சொல்தா வீட்டுக்குப் பென்ஷன் வருகிறது. யாரும் அவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை, எண்ணவும் வேண்டாம். வேற்றுக் குடியுரிமை என்பது தன்னளவில் யாரையும் பயமுறுத்துவதில்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று கிடையாது. பின்னால் ஒரு அரசாங்கம் நிற்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு.

2003-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, சட்டவிரோதக் குடியேறி எனப்பட்டவர் விண்ணப்பிக்கவே வழி இல்லாமல் போயிற்று. 2019 திருத்தம் மூன்று நாடுகளுக்குக் கதவைத் திறந்தது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு. ஜெயில் இல்லை, நல்லது. குடியுரிமை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. முகாமிலிருந்து பெயின்ட் வேலைக்கு வரும் ஒருவருக்காக ஐந்து பேர் கையெழுத்துப் போட முன்வந்தால், வாங்கிக்கொள்ள எந்த மேஜையில் யார் இருக்கிறார்கள்?